தீவுக் கடலில் இயந்திரப் படகு: வழியில் இடர் வந்தால் புதியவர்கள் செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்து எழுவைதீவுக்கு அப்பால் ஒரு காலைப்பொழுதில் எனது படகின் இயந்திரம் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. அடுத்த அரை மணித்தியாலமும் நான் ஸ்ராட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தேன். உள்ளங்கைத் தோல் கழன்ற பிறகுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். தீவின் பனைகள் சற்று முன்னர் இருந்த உயரத்தில் பாதியாகச் சிறுத்திருந்தன. கோளாறு இதுதான்: பெற்றோல் தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க நான் மறந்திருந்தேன். அதைத் திருத்த ஐந்து விநாடி போதும். ஆனால் அதற்குள் காற்று எங்களை ஒரு கிலோமீற்றருக்கு மேல் தள்ளிவிட்டது. நங்கூரமோ அவ்வளவு நேரமும் என் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

இந்தக் கட்டுரை பதினெட்டு முதல் இருபத்துமூன்று அடி வரையான கண்ணாடியிழைப் படகில், பின்புறம் பொருத்திய ஓர் இயந்திரத்துடன், குறிகட்டுவான், ஊர்காவற்றுறை, காரைநகர் போன்ற இடங்களிலிருந்து பகற்பொழுதில் தீவுகளைச் சுற்றிவரப் புறப்படும் புதியவர்களுக்காக எழுதப்படுகிறது. வாடகைப் படகில் பயணியாக மட்டும் செல்பவரும் இதை வாசித்துக்கொள்வது நல்லது. ஓட்டியே கடலில் விழுந்துவிட்டால் மற்றவர்கள்தான் படகைத் திருப்ப வேண்டும்.

இந்தக் கடலின் இயல்பு

நமது தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீற்றரைத் தாண்டாது. தீவுகளுக்கு இடைப்பட்ட ஓடைகளிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் இடுப்பளவு நீரில் படகு செல்லும் இடங்கள் பல உண்டு. இந்த ஆழமின்மையால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. காற்று சற்று வலுத்தாலே அலைகள் குறுகிய இடைவெளியில், செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பிப் படகை உலுக்குவது தீமை. முருகைக் கற்பார்களும் மணல் திட்டுகளும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மறைந்திருப்பதும் அதைச் சேர்ந்ததே. நன்மை என்னவென்றால், தீவுகளுக்கிடையே ஏறக்குறைய எந்த இடத்திலும் நங்கூரம் தரையைப் பிடிக்கும். ஆழ்கடலில் இயந்திரம் நின்றவருக்கு இல்லாத வசதி இது. ஆகவே, பின்னால் வரும் பகுதிகளில் நங்கூரத்தையே நான் மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருப்பேன், சலித்துக்கொள்ள வேண்டாம். படகு ஓரிடத்தில் நின்றுவிட்டால் மீதிக் கோளாறுகளை ஆறுதலாகப் பார்க்கலாம்.

காங்கேசன்துறை, பருத்தித்துறைப் பக்கத்தில் நிலைமை வேறு. அங்கே கரையை விட்டு விலக விலக ஆழம் கூடுவதால் கயிறு தரையை எட்டாமற் போகலாம். அவ்வாறான இடத்தில் ஒரு வாளியையோ தடித்த துணிப் பையையோ நீண்ட கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, கடலில் விட வேண்டும். அது நீரில் இழுபட்டு, படகின் முகத்தை அலைக்கு நேராக வைத்திருப்பதோடு அள்ளுண்டு போகும் வேகத்தையும் குறைக்கும்.

காற்றின் திசையைப் புறப்படும் முன்பே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால், நெடுந்தீவுப் பாதையில் நின்றுபோன படகை அது வடகிழக்கே, மற்றத் தீவுகளின் பக்கமாகத் தள்ளும். கார்த்திகை முதல் மாசி வரை வீசும் வாடையோ அதே படகைத் தென்மேற்கே, நெடுந்தீவையும் தாண்டிக் கச்சதீவுப் பக்கமாகக் கொண்டுபோகும். அதற்கும் அப்பால் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த இந்திய, இலங்கைக் கடல் எல்லை. அதனைத் தாண்டி ஒதுங்கினால் உயிருக்கு ஆபத்தில்லாவிட்டாலும் விசாரணைகளுக்குப் பல நாட்கள் போய்விடும். பங்குனி, சித்திரையில் கடல் பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். ஆனால் பிற்பகலில் இடிமழை திடீரென்று திரளும் காலமும் அதுதான்.

புறப்படும் முன்

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்கென்று தனியாக அறிவித்தல் வெளியிடுகிறது. அதில் காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரையான கடற்பரப்பு என்று வரும் பகுதியே தீவுகளுக்குப் பொருந்தும். காற்று மணித்தியாலத்துக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டும் என்று அதில் இருந்தால், புதியவர் அன்று வெளிக்கிடாமல் இருப்பதே நல்லது என்பது எனது கருத்து. பழகிய கடற்றொழிலாளர் போகிறாரே என்று அவரைப் பார்த்துப் புறப்படுவது சரியான அளவுகோல் அல்ல. வங்கக் கடலில் தாழமுக்கம் என்று செய்தி வந்தால் அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், வட இலங்கையைக் கடந்து இந்த நீரிணைக்குள் இறங்கியதுதான்.

எரிபொருளை மூன்று பங்காக எண்ணிக்கொள்ளுங்கள்: ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு. எதிர்க்காற்றில் திரும்பும்போது, போகும்போது எரிந்ததைவிடக் கூடுதலாகவே எரியும் என்பதால் அந்த மூன்றாவது பங்கு ஆடம்பரமன்று.

படகில் இருக்க வேண்டியவற்றுள் முதலாவது, ஆளுக்கோர் உயிர்காப்பு அங்கி. அது இருக்கைக்குக் கீழே கட்டுப்பட்டுக் கிடந்தால் இருந்தும் இல்லாதது போலத்தான். படகில் கால் வைக்கும்போதே அணிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அங்கி உதவாது, தலைவழியே கழன்றுவிடும். அடுத்து, இரண்டு அல்லது மூன்று மீற்றர் சங்கிலியும் குறைந்தது 50 மீற்றர் கயிறும் பூட்டிய நங்கூரம். கயிற்றின் மறுநுனி படகில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதைக் கையால் இழுத்துப் பாருங்கள். நங்கூரத்தை வீசியபின் கயிறும் சேர்ந்து கடலுக்குள் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களை எனக்குத் தெரியும். இவற்றோடு இரண்டு துடுப்புகள், ஒரு நீண்ட மரக்கோல், வாளி, கூரிய கத்தி, மாற்று ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் சாவி, குறடு, ரோர்ச், விசில், பழைய துணிகள், ஆளுக்கு மூன்று லீற்றர் குடிநீர் ஆகியன. கைத்தொலைபேசியை நீர்புகாத உறையிலிட்டுக் கழுத்தில் தொங்கவிடலாம்.

கடைசியாக, கரையில் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், படகின் நிறமும் இலக்கமும் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அந்த நேரம் கடந்து ஒரு மணித்தியாலம் ஆகியும் செய்தி இல்லாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். இறங்குதுறையிலுள்ள கடற்படையினரிடமும் இதே விபரத்தைச் சொல்வது நன்று.

இயந்திரம் நின்றுவிட்டால்

புதியவர்களுக்கு நேரும் இடர்களில் இதுவே அதிகம். காரணமும் பெரும்பாலும் அற்பமாகவே இருக்கும். ஆயினும் கீழ்க்காணும் வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஒருவரை அணியத்துக்கு அனுப்பி நங்கூரத்தை இறக்குங்கள். வீச வேண்டாம், கையால் இறக்கினாற் போதும். ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். 5 மீற்றர் ஆழமென்றால் 25 முதல் 35 மீற்றர் வரை. கயிறு குறுகினால் நங்கூரம் தரையில் படிந்து கிடக்காமல் நிமிர்ந்து உருளும். எக்காரணங் கொண்டும் படகின் பின்புறத்தில் கட்டாதீர்கள். இயந்திரத்தின் பாரத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் அந்தப் பக்கத்தை அலைக்குக் காட்டினால் இரண்டு மூன்று அலைகளிலேயே படகு நிரம்பிவிடும். பிடித்துவிட்டதா என்பதைக் கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு வீட்டையோ கோபுரத்தையோ ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு கலையாமலிருந்தால் படகு நிற்கிறது.

இரண்டாவது, ஓட்டியின் கையில் அல்லது இடுப்பில் மாட்டியிருக்கும் சிவப்புச் சுருள் கயிற்றின் பூட்டு இயந்திரத்திலிருந்து கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டி விழுந்தால் இயந்திரத்தை நிறுத்துவதற்காக அமைந்த கயிறு அது. யாராவது கால் இடறினாலும் கழன்றுவிடும், கழன்றபின் எவ்வளவு இழுத்தாலும் இயந்திரம் எழும்பாது.

மூன்றாவது, எரிபொருள் வரும் வழியைத் தாங்கியிலிருந்து இயந்திரம் வரை விரலால் தொடர்ந்து செல்லுங்கள். தாங்கியில் மீதம் இருக்கிறதா? மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? குழாயின்மேல் யாராவது காலையோ பெட்டியையோ வைத்திருக்கிறார்களா? இரு முனைகளிலும் பூட்டு இறுக்கமாக உள்ளதா? பிறகு குழாயின் நடுவிலுள்ள இறப்பர் குமிழை அமுக்குங்கள். சில அமுக்குகளில் அது கெட்டியானால் எரிபொருள் வந்துவிட்டது. எவ்வளவு அமுக்கினாலும் தளர்ந்தே இருந்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது அல்லது தாங்கி வெறுமை. அமுங்கிய குமிழ் மீண்டும் உப்பாமல் ஒட்டிக் கிடந்தால், என்னைப்போல் நீங்களும் காற்றுத் திருகை மறந்துவிட்டீர்கள்.

நான்காவது, பெற்றோல் மணம் பலமாக அடித்தால் இயந்திரத்துக்குள் எரிபொருள் கூடிவிட்டது என்று பொருள். காற்றைக் குறைக்கும் சோக்கை உள்ளே தள்ளி, பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்து, பின்னர் வேகப்பிடியைத் திறந்து வைத்து இழுத்துப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுக்க முடியாமல் இழுத்துக்கொண்டே இருப்பவர்கள் நிலைமையை மோசமாக்குகிறார்கள். அதன் பின்னும் எழும்பாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்தி மாட்டலாம், அல்லது புதியதை மாட்டலாம். பிளக்கில் பொறி வருகிறதா என்று திறந்த வெளியில் சோதிப்பதைப் பட்டறையில் வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் ஆவி நிற்கும் படகில் அது தீயை அழைப்பதாகும்.

ஐந்தாவது, எரிபொருள் வடிக்கும் கிண்ணத்தின் அடியில் முத்துப்போல உருளும் துளிகள் தெரிந்தால் அது தண்ணீர். கிண்ணத்தைக் கழற்றி, கடலில் ஊற்றாமல் ஒரு போத்தலில் வடித்துவிட்டு மாட்டுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் என்றால் இன்னொன்றும் உண்டு. அது பெற்றோலில் எழும்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுவது. நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி எழுப்புவது பெரும்பாடு. மீன் பிடிக்கவோ குளிக்கவோ நடுவழியில் நிறுத்தும் புதியவர்கள் சிக்குவது பெரும்பாலும் இதில்தான்.

இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்திலிருந்து பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை மறைந்தால், உடனே நீங்களாகவே நிறுத்திவிட வேண்டும். உள்ளே குளிர்விக்கும் நீர் போகவில்லை. தீவுகளைச் சுற்றிச் சாதாளை என்னும் கடற்புல் அடர்த்தியாக மிதக்கும் இடங்களிலும், இறங்குதுறைகளின் அருகே பொலித்தீன் பைகள் மிதக்கும் இடங்களிலும் நீர் உறிஞ்சும் துளை அடைபடும். நங்கூரமிட்டு, இயந்திரத்தைச் சரித்து, துளையைத் துப்புரவாக்கி, தாரை வரும் சிறுகுழாயை மெல்லிய கம்பியால் குத்திவிட்டு, சூடு தணிந்த பிறகு எழுப்புங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் இருபது முப்பது நிமிடங்கள் போதும். அதற்குள் சரிவராவிட்டால் பிடிவாதத்தை விட்டு உதவிக்கு அழையுங்கள். இங்கே பொழுது சாய்ந்தால் அரை மணித்தியாலத்துக்குள் முற்றாக இருட்டிவிடும். பகல் மூன்று மணிக்குக் கேட்கும் உதவி வருவதுபோல இரவு ஏழு மணிக்குக் கேட்கும் உதவி வராது.

படகை உந்தும் விசிறியில் வலை சிக்கினால்

கடலில் மிதக்கும் வெற்றுப் போத்தல், தெர்மோகோல் துண்டு, கொடி கட்டிய கம்பு ஆகியவற்றைக் கண்டால் அவை குப்பை என்று எண்ணாதீர்கள். அவற்றுக்குக் கீழே வலை இருக்கும். கரையோரத்தில் வரிசையாக நட்டிருக்கும் கம்புகளும் அப்படியே. சுற்றிப் போக வேண்டும்.

சிக்கிவிட்டால் உடனே இயந்திரத்தை நிறுத்தி, சிவப்புக் கயிற்றின் பூட்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விசிறியில் கை வைத்திருக்கும்போது வேறொருவர் இயந்திரத்தை எழுப்பிவிடக் கூடாது. பின்னோக்கி ஓட்டிக் கழற்றலாம் என்று முயன்றால் இன்னும் இறுகும். இயந்திரத்தைச் சரித்து, படகுக்குள் இருந்தபடியே, விசிறியைக் கையால் எதிர்த்திசையில் சுழற்றி அவிழ்க்கப் பாருங்கள். கத்தியைக் கடைசியாக எடுங்கள், ஏனெனில் அந்த வலை ஒரு குடும்பத்தின் உழைப்பு. ஆனால் வலை படகைப் பின்புறமாகப் பிடித்து வைத்திருக்க, அலை பின்புறத்தால் உள்ளே ஏறத் தொடங்கினால் யோசிக்காமல் அறுத்துவிடுங்கள். கரைக்கு வந்தபின் வலைக்காரரைத் தேடி இழப்பைத் தீர்த்துக்கொள்ளலாம். யாராவது நீரில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் படகு நங்கூரத்தில் நிற்க வேண்டும், இறங்குபவர் அங்கியுடன் இருக்க வேண்டும். தனியே இருக்கும்போது இறங்கவே கூடாது. வலைக்கண்ணில் மனிதரின் காலும் சிக்கும்.

தரை தட்டினால்

படகு தட்டிய உடனே வேகத்தைக் கூட்டி உந்திக் கடந்துவிட மனம் சொல்லும். அது மணலென்றால் இன்னும் ஆழமாகப் புதையும். முருகைக் கல்லென்றால் அடித்தட்டு கிழியும். இயந்திரத்தை நிறுத்திச் சரித்துவிட்டு, முதலில் படகின் உட்புறத்தை அணியம் முதல் பின்புறம் வரை பார்த்து நீர் வருகிறதா என்று நிச்சயப்படுத்துங்கள். ஓட்டை இருக்கும்போது படகைக் கல்லிலிருந்து இழுத்து ஆழத்துக்குக் கொண்டுபோவதைவிட, கல்லின்மேல் இருக்கவிட்டு அடைப்பதே பாதுகாப்பானது.

நீர் வரவில்லையென்றால் ஆட்களைத் தட்டாத பக்கத்துக்கு நகர்த்தி, மரக்கோலால் வந்த வழியே பின்னுக்குத் தள்ளுங்கள். போதாவிட்டால் சிலர் இறங்கலாம். செருப்போ சப்பாத்தோ அணிந்து, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்க வேண்டும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை, கால் தேய்வதை உணர்ந்து விலகிவிடும், மிதித்தால்தான் முள்ளால் குத்தும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்தக் காலை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் வைத்திருப்பது வலியைத் தணிக்கும்; பிறகு வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நீர் பெருகும்வரை காத்திருக்கலாமே என்று பிறநாட்டுக் கடல்களில் பழகியவர்கள் கேட்பார்கள். எமது பகுதியில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. வற்று வேளையில் தட்டியிருந்தால் காத்திருப்பதில் சிறிது பயனுண்டு, பெருக்கின் உச்சத்தில் தட்டியிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் உங்களுக்கு எதிரானது.

படகுக்குள் நீர் புகுந்தால்

நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே, 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள துளை ஒன்று இருந்தால் நிமிடத்துக்கு 150 லீற்றருக்கும் மேற்பட்ட நீர் உள்ளே வரும். பத்து லீற்றர் வாளியால் நான்கு விநாடிக்கு ஒரு வாளி இறைத்தாலும் அதைச் சமாளிப்பதே கடினம். ஆகவே இறைப்பதற்கு முன் அடைக்க வேண்டும். ஒருவர் நீர் வரும் இடத்தைத் தேட, இன்னொருவர் இறைக்கட்டும். முதலில் பின்புறத்து வடிதுளையின் தக்கையைப் பாருங்கள். கரையில் படகைக் கழுவியபின் அதை மாட்ட மறப்பது வழக்கமான தவறு. துளையென்றால் துணியைத் திரித்துத் திணித்து, அதன்மேல் பலகையையோ காலையோ வைத்து அழுத்துங்கள். அழுத்தத்தை எடுக்காமல் ஆட்களை மறுபக்கம் அமர்த்தித் துளையை நீர்மட்டத்துக்கு அருகே உயர்த்துங்கள். பிறகு மிக அருகிலுள்ள கரை எதுவோ அதற்கே செல்லுங்கள், புறப்பட்ட கரைக்கல்ல.

காற்று மாறினால்

அடிவானத்தில் கருமை திரண்டு, திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால் மழை வந்து சேரக் குறைந்த நேரமே உண்டு. அருகில் தீவின் மறைவு இருந்தால் அங்கே ஒதுங்குங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் இருக்கைகளை விட்டுப் படகின் அடித்தட்டில், நடுப்பகுதியில் அமர வேண்டும். அலையைப் பக்கவாட்டில் வாங்காமல், அணியம் அலையைச் சற்றுச் சாய்வாக வெட்டும்படி, படகு துள்ளாத அளவுக்கு வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி ஓடும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். அலையின் முகட்டில் ஏறி அதன் முன்சரிவில் வழுக்கினால் அணியம் நீருக்குள் குத்தும். மின்னல் அடிக்கையில் கம்பங்களையும் இயந்திரத்தின் உலோகப் பகுதிகளையும் தேவைக்கு மேல் தொடாமல் தாழ்ந்து இருங்கள். சில சமயம் கரைக்கு விரைவதைவிட நங்கூரமிட்டு, முகத்தைக் காற்றுக்குக் காட்டி, மழை கடக்கும்வரை இறைத்துக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம். இத்தகைய மழைகள் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் ஓய்ந்துவிடும்.

ஒருவர் கடலில் விழுந்தால்

விழுந்ததைக் கண்டவர் உரக்கக் கத்தி, விழுந்தவரைக் கையால் சுட்டிக்காட்டியபடியே நிற்க வேண்டும். வேறெந்த வேலையும் அவருக்குக் கொடுக்கக் கூடாது. அலைகளுக்கிடையே ஒரு மனிதத் தலை தேங்காயளவுதான் தெரியும், கண் விலகினால் மீண்டும் காண்பது அரிது. இன்னொருவர் மிதக்கும் எதையாவது, வெற்றுக் கலனையாயினும், வீசட்டும். ஓட்டி பெரிதாக வளைந்து திரும்பி, காற்று வரும் திசைக்கு முகங்காட்டியவாறு மெதுவாக நெருங்கி, அவர் கைக்கெட்டும் தூரத்துக்கு வரும்போது இயந்திரத்தையே நிறுத்திவிட வேண்டும். கியரை நடுநிலையில் வைத்தாற் போதாதா என்று கேட்பவர்களுக்கு: விசிறிக்கு அருகே மனித உடல் இருக்கும்போது போதாது.

நனைந்த ஒருவரைத் தூக்குவது நினைப்பதைவிடக் கடினம். கயிற்றில் ஒரு வளையம் முடிந்து படகின் ஓரத்தில் கட்டித் தொங்கவிட்டால் அவர் அதில் காலூன்றி ஏறலாம். அவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதை எப்படியாவது தடுத்துவிடுங்கள். அங்கியில்லாத அண்ணனோ தகப்பனோ பதற்றத்தில் பாய்ந்தால் தேட வேண்டியவர்கள் இருவராகிறார்கள். நீர் குடித்தவர் தெளிந்துவிட்டதாகச் சொன்னாலும் வைத்தியசாலையில் காட்ட வேண்டும், ஏனெனில் நுரையீரலின் பாதிப்பு சில மணித்தியாலங்கள் கழித்தும் தலைகாட்டலாம்.

படகே கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தாதீர்கள். கரை பக்கத்தில் தெரிந்தாலும் தூரம் கண்ணை ஏமாற்றும். கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் கவிழ்ந்த நிலையிலும் மிதந்துகொண்டிருக்கும். தேடுபவர்களின் கண்ணுக்கு மனிதத் தலையைவிடக் கவிழ்ந்த படகு பலமடங்கு தெளிவாகத் தெரியும்.

தீயைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது என்பதால் படகின் அடியில் தங்கும். எரிபொருள் ஊற்றும்போதும் அதன் பின்னும் சுருட்டும் சிகரெட்டும் வேண்டாம். எரியும் பெற்றோலில் நீரை ஊற்றினால் தீ பரவும். உலர்தூள் அணைப்பானைச் சுவாலையின் அடியில் பீய்ச்சுங்கள். தீ உள்ள பக்கம் காற்றின் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி படகைத் திருப்பி, ஆட்களை மறுமுனைக்கு அனுப்புங்கள்.

உதவி கேட்கும் முறை

நடைமுறையில் முதலில் வந்து சேர்பவர் பக்கத்தில் தொழில் செய்யும் கடற்றொழிலாளரே. படகில் நின்றால் விழுந்துவிடுவீர்களாயின் அமர்ந்தபடியே, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருங்கள். இது உலகெங்கும் ஏற்கப்பட்ட ஆபத்துச் சைகை. ஒற்றைக் கையை வேகமாக ஆட்டினால் சுகம் விசாரிக்கிறார்கள் என்று அவர்களும் கையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். செம்மஞ்சள் நிறப் புகை, சிவப்புத் தீப்பந்தம், வெயிலில் கண்ணாடியால் வீசும் ஒளி, இரவில் ரோர்ச், இடைவிடாத விசில் ஆகியனவும் உதவும்.

கைத்தொலைபேசி வேலை செய்தால் கரையில் நீங்கள் விபரம் கொடுத்தவரை முதலில் அழையுங்கள். அவசர பொலிஸ் இலக்கம் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, கரையில் நோயாளியை ஏற்ற அம்புலன்ஸ் வேண்டுமானால் 1990. நயினாதீவுக்குப் பக்கத்தில் என்று மட்டும் சொன்னால் தேடுபவர்களுக்குப் போதாது. தொலைபேசியின் வரைபடத்தில் உங்கள் இடத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். தீவுக் கடலில் முதலாவது 9 என்றும் இரண்டாவது 79 அல்லது 80 என்றும் தொடங்கும். அவ்வாறு தொடங்காவிட்டால் தவறான இடத்தை வாசிக்கிறீர்கள். அவற்றை மெதுவாக, இலக்கம் இலக்கமாகச் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். சமிக்ஞை பலவீனமாயிருந்தால் குறுஞ்செய்தி போகும்.

வீஎச்எஃப் வானொலி உள்ள படகென்றால் 16ஆம் அலைவரிசையில், உயிராபத்து இருந்தால் மட்டும், மேடே என்று மும்முறை கூறி, படகின் பெயர், இடம், நேர்ந்தது, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இயந்திரம் நின்று நங்கூரத்தில் பாதுகாப்பாக இருப்பவர் சொல்ல வேண்டியது மேடே அல்ல, மும்முறை பான்-பான்.

இழுத்துச் செல்ல ஒரு படகு வந்துவிட்டால், கயிற்றை அணியத்தின் வளையத்தில் கட்டுங்கள். இருக்கைப் பலகையில் கட்டினால் பலகை பெயர்ந்துவிடும். கயிறு நீளமாக இருக்கட்டும், வேகம் குறைவாக இருக்கட்டும், இயந்திரம் சரிந்திருக்கட்டும், ஆட்கள் சற்றுப் பின்னால் அமரட்டும். இறுகிய கயிற்றுக்கு நேர்கோட்டில் யாரும் இருக்கக் கூடாது, அறுந்தால் அது சாட்டைபோல் வரும். “தம்பி, கயிறை இழுக்கச் சொன்னா மட்டும் இழு” என்று இழுப்பவர் சொன்னால் அப்படியே செய்யுங்கள். அந்த நேரத்தில் கட்டளையிடுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். கரை சேர்ந்ததும் எரிபொருட் செலவையும் அவர் இழந்த தொழில் நேரத்தையும் கணக்கிட்டுக் கொடுப்பது முறை, அவர் வேண்டாம் என்று சொன்னாலும்.

கரையில் இயந்திரத்தை நன்னீரில் சில நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். அதற்கும் முன்பாக, புறப்படும்போது விபரம் கொடுத்துச் சென்ற அந்த ஒருவரை அழைத்துத் திரும்பிவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடி ஒரு படகு நெடுந்தீவுப் பக்கம் இருட்டில் அலைந்துகொண்டிருக்கக் கூடாது.